கீரை தின்ற தைரியம்

லாக்யர் பள்ளத்தாக்கு,
குயின்ஸ்லாந்து.
ஜூன் 16

அன்புள்ள கெரின்,

இந்தக் கடிதம் கைக்குக் கிடைக்கும்போது நீயும் மாப்பிள்ளை ஐவிண்டும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல், பெர்கன் நகரத்து மழையில் ஊறாத காலணிகளோடு இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நான் நலம், நாய் நலம், உன் அப்பா நலம். கடைசியில் சொன்னதை இன்னொரு தடவை படித்துக்கொள், ஏனென்றால் அடுத்த வரியைப் படித்ததும் உனக்கு அது மறந்துபோகும். அப்பாவுக்குக் காதில் மெலனோமா என்கிற தோல் புற்றுநோய் வந்தது, வெட்டி எடுத்துவிட்டார்கள், வேறெங்கும் பரவவில்லை என்று போன வியாழக்கிழமை சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான். இப்போது எழுந்து போய் ஒரு காபி போட்டுக்கொண்டு வந்து உட்கார். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் சொன்னால் நான் அழுதிருப்பேன், நீயும் அழுதிருப்பாய், உன் அப்பா பின்னாலிருந்து "ஒண்ணுமில்லன்னு சொல்லு, ஒண்ணுமில்லன்னு சொல்லு" என்று கத்தியிருப்பார், முக்கியமான விஷயம் விட்டுப்போயிருக்கும். முக்கியமான விஷயம் அப்பாவின் காது இல்லை, உன் இடது தோள்பட்டையில் இருக்கிற அந்த மச்சம். ஈஸ்டர் அன்று பேசும்போது அது கொஞ்சம் பெரிதாகிவிட்டது, உள்ளாடைப் பட்டையில் உரசுகிறது என்று நீயே சொன்னாய். டாக்டரிடம் காட்டு என்றேன். "அம்மா, இங்க வெயிலே கிடையாது, அதுவும் இல்லாம நான் அப்பா மாதிரி தினம் கீரைதான் சாப்பிடறேன்" என்று சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினாய். போனில் உன்னால் பேச்சை மாற்ற முடியும், கடிதத்தில் முடியாது, அதனால்தான் கடிதம்.

இந்தக் கீரைக் கதை உனக்குப் பாதிதான் தெரியும், நல்ல பாதியை மட்டும்தான் உன் அப்பா உனக்குச் சொல்லியிருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் முன்கையில் சொரசொரப்பாக ஒன்று வந்து வெட்டி எடுத்தோமே, அது தோல் புற்றில் அவ்வளவு மோசமில்லாத ரகம். நம் பக்கத்தில் வயலில் நின்று தலை நரைத்த யாரைக் கேட்டாலும் அப்படி ஒன்றைக் காட்டுவார்கள். அன்றைக்கு டாக்டர் பிரையனி தையல் போட்டுக்கொண்டே பேச்சுக்கொடுத்தார். இந்த ரகம் ஒரு தடவை வந்தவர்களை நம் மாநிலத்திலேயே பல வருஷம் கவனித்துப் பார்த்தார்களாம், பச்சைக் கீரை நிறையச் சாப்பிட்டவர்களுக்கு மறுபடி வந்தது குறைவாக இருந்ததாம். வெயில் பட்டால் தோலுக்குள் தீப்பொறி மாதிரி ஏதோ கிளம்பி உள்ளே இருக்கிறதைக் கெடுக்கிறதாம், கீரையிலும் காரட்டிலும் பூசணியிலும் தக்காளியிலும் இருக்கிற சத்துகள் அந்தப் பொறியைக் கொஞ்சம் அணைக்குமாம், ஆன்டிஆக்சிடன்ட் என்று அதற்குப் பெயராம். மாத்திரையாக விழுங்கிப் பார்த்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லையாம், தட்டில் காயாக இருந்தால்தானாம், அதுவும் கீரையால்தான் குறைந்தது என்று அடித்துச் சொல்ல முடியாதாம். முதலில் தொப்பி, முழுக்கைச் சட்டை, வெயிலுக்குப் பூசுகிற களிம்பு, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தலை முதல் கால் வரை சோதனை, அதற்கெல்லாம் அப்புறம்தான் கீரை என்று முடித்தார். இத்தனையும் நான் கேட்டேன். உன் அப்பாவும் அதே அறையில்தான் கையை நீட்டிக்கொண்டு படுத்திருந்தார், அவர் காதில் விழுந்தது கீரை என்கிற ஒரே ஒரு வார்த்தை.

உனக்குத்தான் தெரியுமே, கல்யாணமான நாளிலிருந்து அவர் சில்வர்பீட் கீரை போட்டு பிரிஸ்பேன் சந்தைக்கு அனுப்புகிறார், ஒரு இலையை வாயில் வைத்துப் பார்த்தவர் இல்லை. கறி, உருளைக்கிழங்கு, கறிக்குழம்பு, இதைத் தவிர தட்டில் ஏதாவது பச்சையாகத் தெரிந்தால் யாரோ தவறிப்போட்டுவிட்டதைப்போலக் கத்தியால் ஓரம் தள்ளுவார். அந்த மனுஷன் மறுநாள் காலையில் வயலிலிருந்து ஒரு கட்டுக் கீரையோடு சமையலறைக்குள் வந்து "கிளென், இத எப்படித் திங்கறது?" என்று கேட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சத்தியமாகச் சொல்கிறேன். இத்தனை வருஷம் கெஞ்சி, திட்டி, மசித்த கிழங்குக்குள் ஒளித்துவைத்து நடக்காதது அன்றைக்கு நடந்தது. பூண்டு போட்டு வதக்கிக் கொடுத்தேன், முட்டையோடு கொடுத்தேன், பாலாடைக்கட்டியோடு மாவுக்குள் வைத்துச் சுட்டுக் கொடுத்தேன், எல்லாவற்றையும் சாப்பிட்டார். கொஞ்ச நாளில் வரப்பில் நின்றே பச்சையாகப் பறித்து மெல்ல ஆரம்பித்தார். காலை பத்து மணி டீக்கு எல்லோரும் பிஸ்கட் எடுத்தால் இவர் இலை எடுத்தார். கீரை அறுக்க வருகிற டோங்கா நாட்டுப் பெண்கள் இவரைப் பார்த்ததும் மாடு மாதிரிக் குரல் கொடுப்பார்கள், இவரும் பதிலுக்குக் குரல் கொடுப்பார். எடை குறைந்தது, ரத்த அழுத்தம் இறங்கியது, வருஷக்கணக்காகக் கஷ்டப்படுத்திய வயிறுகூடச் சரியானது. கீரைக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன், இதை நீ மறக்கக் கூடாது, ஏனென்றால் இனிமேல் வருவது கீரையின் குற்றம் இல்லை.

குற்றம் அவர் தலைக்குள் ஓடிய கணக்கு. பூச்சிமருந்தில் இரண்டு விதம் இருக்கிறது, இலைமேல் அடிப்பது ஒன்று, வேரில் ஊற்றினால் செடிக்குள்ளேயே ஏறி ஒவ்வோர் இலையையும் உள்ளிருந்து காப்பது இன்னொன்று. களிம்பும் தொப்பியும் மேலே அடிக்கிற ரகமாம், வியர்த்தால் வழிந்துபோகுமாம், காற்றடித்தால் பறந்துபோகுமாம். கீரை உள்ளே ஏறுகிற ரகமாம். "வேர்ல ஊத்துனா நுனி இலை வரைக்கும் போகுது, வாயில போட்டா காது வரைக்கும் போகாதா?" என்று என்னிடமே கேட்டார். வாழ்நாள் முழுக்கக் கீரைக்கு மருந்தடித்த ஒரு மனுஷனுக்குத்தான் இப்படி ஒரு யோசனை வரும். மருந்தடிக்கிற நாளில் மட்டும் தொப்பி, கண்ணாடி, கையுறை என்று முழுசாக மூடிக்கொண்டு போவார், மற்ற நாளில் பனியனும் அரைக்கால் சட்டையும், தலையில் ஒன்றும் கிடையாது. நான் கத்தாத கத்தில்லை. "காலைல ரெண்டு கட்டு உள்ள போயிருக்கு, மழை வந்தாலும் கரையாது" என்று சிரித்தபடியே டிராக்டரில் ஏறிவிடுவார். பிப்ரவரியில் வரவேண்டிய தோல் சோதனையையும் அவரே போன் பண்ணி ரத்து செய்திருக்கிறார், எனக்குச் சொல்லவில்லை. புள்ளி இருந்ததோ காதின் பின்மடிப்பில். நான் அவர் முகத்தைப் பார்த்துச் சண்டை போடுகிறவளே தவிர, பின்னால் நின்று பார்க்கிறவள் இல்லை.

பின்னால் நின்று பார்த்தது யார் தெரியுமா? லைல் ரேடமாக்கர். ஓடைக்கு மேல்பக்கம் வெங்காயம் போடுகிறாரே அவரேதான், வறட்சி வருஷத்தில் பம்பு வைத்து ஓடையையே உறிஞ்சிவிட்டார் என்று உன் அப்பா சண்டை பிடித்து, அன்றிலிருந்து இருவரும் முகம் பார்த்துப் பேசிக்கொள்ளாத அதே லைல். ஏப்ரலில் போர் நினைவு நாள் வந்தது. அப்பா வழக்கம்போல அவர் தாத்தாவின் பதக்கங்களை வலது மார்பில் குத்திக்கொண்டு, ரோஸ்மேரித் தழையைச் செருகிக்கொண்டு, நல்ல தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்தார். வயலுக்குப் போடாத தொப்பி, நினைவுத்தூணுக்கு முன்னால் கழற்றுவதற்கென்றே போட்டது. அவ்வளவு கூட்டத்தில் லைலுக்கு இடம் கிடைத்தது எங்கள் வரிசைக்கு நேர் பின்னால். ஊதுகொம்பு ஊதி முடித்தார்கள், ஆண்கள் எல்லோரும் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்கள், மௌனம் ஆரம்பித்தது. அந்த நிமிஷத்தில் நம் ஊரில் இருமல் வந்தால்கூட விழுங்கிக்கொள்வோம், குழந்தை சிணுங்கினால் தாய் தெருமுனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவாள், உன்னையே நான் அப்படித் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். அந்த மௌனத்துக்கு நடுவில் என் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், சாதாரணமாகப் பேசுகிற சத்தத்தில், "மெர்வ், உன் காதுக்குப் பின்னால என்னடா அது, கருப்பா?" என்றது.

கெரின், நான் செத்தே போனேன். ஊரே திரும்பியது. பாதிரியார் கண்ணைத் திறந்துவிட்டார். உன் அப்பாவின் கழுத்து கீழேயிருந்து மேலே சிவந்துகொண்டு போனதை நான் பக்கவாட்டில் பார்த்தேன், திரும்பினாரா என்றால் இல்லை, நேரே கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். சரி, இத்தோடு விட்டால் போதும் கடவுளே என்று நான் வேண்டிக்கொண்டிருக்கும்போது மறுபடியும், "டேய், காதுல விழலயா? ஓரமெல்லாம் பிஞ்ச மாதிரி இருக்குடா. இன்னைக்கே போய்க் காட்டு." முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் திரும்பி "லைல், வாய மூடு" என்று பல்லைக் கடித்தார், அதோடு அது மூன்றாவது பேச்சாகிவிட்டது. இத்தனை வருஷத்தில் அந்தத் தூணுக்கு முன்னால் அப்படி ஒன்று நடந்ததே இல்லை.

முடிந்ததும் படைவீரர் சங்கக் கூடத்தில் டீ. அப்பா நேராக லைலிடம் போனார், நான் கையைப் பிடித்தேன், உதறிவிட்டார். "எனக்கு மரியாதை தராட்டிப் போகுது, செத்தவங்களுக்காக ஒரு நிமிஷம் உன்னால வாய மூடிட்டு இருக்க முடியலயா?" என்று கேட்டார். அடிதடி ஆகப்போகிறது என்று எல்லோரும் கோப்பையைக் கீழே வைத்தார்கள். லைல் கோபப்படவில்லை. "கெய்த்துக்கு வாய மூடிட்டுத்தான் இருந்தேன்" என்றார். கெய்த் அவர் அண்ணன், நீ ஊரைவிட்டுப் போன வருஷம் செத்துப்போனாரே. மாதாகோயிலில் அண்ணனுக்குப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தபோது அவர் பிடரியில் ஒரு கரும்புள்ளியைப் பார்த்தாராம். பிரசங்கம் நடக்கிறதே, முடிந்ததும் சொல்லலாம் என்று இருந்தாராம். முடிந்ததும் சாப்பாடு, சாப்பாட்டில் யாரோ வந்துவிட்டார்கள், அப்புறம் வெங்காய அறுவடை, அப்புறம் அண்ணனோடு ஏதோ சின்ன மனஸ்தாபம். "அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன் மெர்வ். நான் சொன்னப்போ அது நுரையீரலுக்குப் போயிடுச்சு" என்றார். சொல்லிவிட்டு, கையில் எடுத்திருந்த பிஸ்கட்டைக் கடிக்காமலே தட்டில் திரும்ப வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். உன் அப்பா தொப்பியை எடுத்துக்கொண்டு வண்டிக்கு நடந்தார். அப்போதும் விட்டுக்கொடுக்கிற ஆளா, வண்டியில் வரும்போது அது வேலிக்கம்பி கீறிய தழும்பு என்றார். நான் வண்டியை ஓரம் கட்டி, படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காதை மடக்கிப் பார்த்தேன். தழும்பு இல்லை. கருப்பும் பழுப்புமாக, ஓரம் ஒழுங்கில்லாமல், என் சுண்டுவிரல் நகம் அளவுக்கு இருந்தது.

மறுநாளே பிரையனி அதிலிருந்து ஒரு துண்டு வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார். மெலனோமா என்று வந்தது. அன்றைக்குத்தான் உன் அப்பா அந்த வேர்மருந்துக் கணக்கை அவரிடம் சொன்னார், சொல்லும்போதே குரல் சின்னதாகிவிட்டது. டாக்டர் சிரிக்கவில்லை. "நீங்க செடி இல்ல மெர்வ். இலைக்கு வெயில் சாப்பாடு, உங்களுக்கு அது சாப்பாடு இல்ல" என்றார். தான் கீரையைப் பற்றிச் சொன்னது அவர் கையில் வந்த ரகத்துக்கு, அதுவும் கொஞ்சம் உதவலாம் என்றுதான், இது வேறு ரகம், இதைக் கீரை தடுக்கும் என்று தான் சொல்லவும் இல்லை, அப்படிச் சொல்லத் தன்னிடம் ஆதாரமும் இல்லை என்று பொறுமையாக விளக்கினார். அப்புறம் பிரிஸ்பேனில் அறுவை. காதின் மேல்பகுதியை எடுத்துவிட்டார்கள், கழுத்தில் நெறி கட்டுமே அந்த முடிச்சு ஒன்றையும் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள், அதில் இருந்தால் பரவ ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். முடிவு வரும்வரை உனக்குச் சொல்லக் கூடாது என்று உன் அப்பா என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். நீ விமானம் ஏறிவிடுவாய் என்று அவருக்குப் பயம், ஏறாமல் இருந்துவிடுவாயோ என்றும் ஒரு பயம், இரண்டையும் அவர் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். அந்த நாட்களில் நீ போன் பண்ணும்போதெல்லாம் நான் பனி, நாய், கீரை விலை என்று பேசினேனே, எப்படிப் பேசினேன் என்று இப்போது நினைத்தால் எனக்கே ஆச்சரியம்.

காத்திருந்த அந்த நாட்கள் முழுக்க அவர் கீரையைத் தொடவில்லை. வயலில் அறுப்பார், பெட்டியில் அடுக்குவார், தட்டில் வைத்தால் மட்டும் பழையபடி ஓரம் தள்ளினார். "ஏமாத்திடுச்சு கிளென்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் கரண்டியைப் போட்டுவிட்டுக் கேட்டேன், "அது உன்கிட்ட எப்போ சத்தியம் பண்ணுச்சு? அது கீரை. நீதான் அதைத் தொப்பின்னு நெனச்ச" என்று. வயிற்றைச் சரிபண்ணியது அது, ரத்த அழுத்தத்தை இறக்கியதிலும் அதற்குப் பங்குண்டு, கையில் வந்த ரகம் இதுவரை திரும்ப வராததிலும் அதற்கு ஒரு பங்கு இருக்கலாம், செய்யாத வேலைக்கு அதைத் திட்டாதே என்றேன். கொஞ்ச நேரம் கழித்து முள்கரண்டியால் அந்தக் கீரையை நடுத்தட்டுக்கு இழுத்து மெதுவாகச் சாப்பிட்டார். ஆறிப்போயிருந்தது. நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன், ஏனென்றால் திரும்பினால் அவர் என் முகத்தைப் பார்த்துவிடுவார்.

வியாழக்கிழமை காலையில் போன் வந்தது. முடிச்சில் ஒன்றுமில்லை, சுத்தமாக இருக்கிறது. நான் வீட்டுச் செருப்போடு ஈரக் கீரை வரிசைகளுக்கு நடுவே ஓடினேன், என் வயதுக்கு அது ஓட்டமா என்று கேட்காதே. டிராக்டரை நிறுத்தச் சொல்லிக் கையை ஆட்டினேன், ஏதோ கெட்ட செய்தி என்று நினைத்து அவர் இறங்காமலே உட்கார்ந்திருந்தார், நான் கீழே நின்று கத்த வேண்டியிருந்தது. கேட்டார். "சரி" என்றார். இறங்கி வந்து சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றார். அப்புறம், "லைல் வீட்ல இருப்பானா?" என்று கேட்டார். கெரின், நான் இந்த மனுஷனைக் கல்யாணம் பண்ணிக்கொண்டதற்காக ஆயிரம் தடவை தலையில் அடித்துக்கொண்டிருக்கிறேன், அந்த ஒரு கேள்விக்காக எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன்.

போனோம். ஒரு பெட்டி சில்வர்பீட், அன்று காலை அறுத்தது, முதல்தரம், சந்தைக்குக் கட்டியது. லைல் கதவைத் திறந்து முதலில் காதைப் பார்த்தார், அப்புறம்தான் எங்களை. அப்பா, "பரவலயாம்" என்றார். லைல் தலையை மட்டும் ஆட்டினார், வேறு பக்கம் திரும்பி நாயைக் கூப்பிடுவதுபோல என்னமோ செய்தார், நாய் ஏற்கெனவே அவர் காலடியில்தான் இருந்தது. பிறகு பெட்டியைப் பார்த்து, "எனக்கு இந்தக் கழுதை பிடிக்கவே பிடிக்காதேடா" என்றார். "எனக்கும்தான் பிடிக்காது. தின்னு" என்றார் உன் அப்பா. நன்றி என்கிற வார்த்தையை இரண்டு பேருமே வாயிலிருந்து விடவில்லை, அதற்குப் பதில் அந்தப் பழைய பம்பை எங்கே நகர்த்தினால் இரண்டு பேருக்கும் தண்ணீர் வரும் என்று இருட்டும்வரை பேசினார்கள். நன்றியை நான்தான் சொன்னேன். வாசலில் லைலின் கையைப் பிடித்துக்கொண்டு, என் புருஷனைத் திருப்பிக் கொடுத்தீர்கள் என்று சொன்னேன், அவருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. இப்போது சாலையில் எதிரெதிரே வண்டியில் வந்தால் இருவரும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குகிறார்கள், நம் ஊர்க் கணக்கில் அது கட்டிப்பிடித்து அழுததற்குச் சமம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு காலையும் எழுந்ததும் நான் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன், அடுத்ததாக மரியாதை தெரியாமல் நடந்துகொண்ட லைலுக்கு. அந்த நிமிஷம் அவர் மரியாதையாக இருந்திருந்தால் உன் அப்பா தொப்பியைப் போட்டுக்கொண்டிருப்பார், புள்ளி மறைந்திருக்கும், நாங்கள் வீட்டுக்கு வந்திருப்போம்.

மற்றபடி இங்கே குளிர் இந்த வருஷம் கடுமை, காலையில் கீரை இலையெல்லாம் கண்ணாடி மாதிரி உறைந்து நிற்கிறது, வெயில் ஏறினபிறகுதான் அறுக்க முடிகிறது. மேல்காது ஒருபக்கம் இல்லாததால் அப்பாவுக்குத் தொப்பி வலதுபக்கம் சரிகிறது, உள்ளே ஒரு பட்டை வைத்துத் தைத்துக் கொடுத்திருக்கிறேன். இப்போது கழற்றச் சொன்னால்தான் சண்டை. டோங்காப் பெண்கள் அவருக்காக மாதாகோயிலில் பாடினார்கள், அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார், சளி என்றார். நீ கீரை சாப்பிடுவதை நிறுத்திவிடாதே, நான் எழுதினதைப் படித்துவிட்டு அப்படி ஒரு முடிவுக்கு வருகிற பெண்தான் நீ. கொஞ்சம் எண்ணெயோ வெண்ணெயோ விட்டு வதக்கு, கொழுப்போடு போனால்தான் அந்தக் காரட், கீரைச் சத்தெல்லாம் உடம்பில் ஒட்டுமாம், வெறும் தண்ணீரில் வேகவைத்து வடித்துக்கொட்டுவது பாதி வீண். ஐவிண்டுக்கும் கொடு, பையன் வெளுத்துப்போய் இருக்கிறான்.

இப்போது உன் தோளுக்கு வருகிறேன். அங்கே வெயில் இல்லை என்கிறாய், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீ பதினெட்டு வயதுவரை வாங்கின வெயில் இங்கேயே தங்கிவிடவில்லை, உன் தோலோடு விமானம் ஏறி உன்னோடு வந்திருக்கிறது. ஓடையில் குதித்துவிட்டு நாள் முழுக்க அந்தப் பாறையில் படுத்துக்கிடப்பாய், தோளெல்லாம் கொப்புளமாக வந்து நிற்பாய், தோல் உரிய ஆரம்பித்ததும் பள்ளிக்கூடத்தில் யார் பெரிய துண்டாக உரிப்பது என்று நீங்கள் போட்டி வைப்பீர்கள், நீ ஜெயித்துவிட்டு வந்து என்னிடம் காட்டியிருக்கிறாய். அந்த இடது தோளில்தான் அதிகம் உரியும். அந்தத் தோளை நான் குளிப்பாட்டியிருக்கிறேன், அதில் எங்கே எது இருந்தது என்று எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும், இப்போது பெரிதாகியிருக்கிற ஒன்றை இங்கே உட்கார்ந்துகொண்டு என்னால் பார்க்க முடியவில்லை. இதுதான் எனக்குத் தூக்கம் வராத காரணம், அப்பாவின் காது இல்லை. அது ஒன்றுமில்லாததாகவே இருக்கும், பத்தில் ஒன்பது அப்படித்தான் இருக்கும் என்று பிரையனியும் சொல்கிறார், ஒன்றுமில்லை என்று ஒரு டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். உன் முதுகை உன்னால் பார்க்க முடியாது. இன்று இரவு சட்டையை இறக்கி ஐவிண்டைப் பின்னால் நின்று பார்க்கச் சொல், பார்த்ததை உடனே சொல்லச் சொல், விருந்தாளி இருக்கிறார்கள், நீ வேலையாக இருக்கிறாய், கோபமாக இருக்கிறாய், எதற்காகவும் அவன் காத்திருக்கக் கூடாது. உன்னைச் சுற்றி இருக்கிறவர்கள் எல்லோரும் ரொம்ப நாகரிகமானவர்களாமே, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் அப்பாவிடம் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அவர் மேஜை இழுப்பறையிலிருந்து இரண்டு போட்டோவை எடுத்துப் போட்டார். பாஸ்போர்ட் போட்டோ. இந்த நாட்டைவிட்டு ஒரு நாளும் வெளியே போகாத, பிரிஸ்பேனுக்குப் போனாலே இரவு தங்காமல் திரும்பிவிடுகிற மனுஷன், எனக்குத் தெரியாமல் போய் எடுத்திருக்கிறார், காதில் கட்டோடு. உன்னிடமிருந்து டாக்டரைப் பார்த்த சேதி வராவிட்டால் அவரே புறப்பட்டு வந்து உன் பின்னால் நிற்கப் போகிறாராம். மிரட்டல் என்று நினைத்துக்கொள்ளாதே. அந்தப் படத்தில் அவர் முகத்தை நீ பார்த்தால் இப்போதே டாக்டரிடம் கிளம்பிவிடுவாய்.

கடவுள் உன்னையும் ஐவிண்டையும் தலை முதல் கால் வரை காக்கட்டும், காக்கிற வேலையில் நீங்களும் கொஞ்சம் கைகொடுங்கள். கம்பளிச் சாக்ஸ் தனிப் பொட்டலமாக அனுப்பியிருக்கிறேன். இது கிடைத்த மறுநாளே டாக்டருக்குப் போன் பண்ணு, மறக்காதே.

முத்தங்களோடு,
உன் அம்மா
கிளெனிஸ்

பி.கு. உன் அப்பா பேனாவைப் பிடுங்கிக்கொள்கிறார்.

கெரின், போய்க் காட்டு. கீரையும் சாப்பிடு. ரெண்டும்.
அப்பா